கிளைப்பாட்டியல்

கிளைப்பாட்டியல் என்பது உயிரினங்களை அவற்றின் தோற்ற ஒற்றுமையைக் கொண்டு அல்லாமல், அவை எந்தப் பொது மூதாதையிடமிருந்து எந்த வரிசையில் பிரிந்து வந்தன என்பதைக் கொண்டு வகைப்படுத்தும் உயிரியல் துறை ஆகும். ஓர் இனத்துக்கு மிக நெருங்கிய உறவினம் எது, அவ்விரண்டும் மூன்றாவது ஓர் இனத்தின் மரபிலிருந்து எந்தக் கட்டத்தில் பிரிந்தன என்னும் கேள்விகளுக்கு விடை தேடுவதே இதன் பணி. விடை மரவடிவப் படமாகத் தரப்படுகிறது. இதனைக் கிளைப்படம் என்பர். ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950-ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் இத்துறையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது.

இம்முறையின் முடிவுகள் பல, அன்றாட வழக்குக்கு மாறானவை. முதலை பல்லியை விடக் காக்கைக்கு நெருங்கிய உறவு. நுரையீரல் மீன் கெண்டையை விட மனிதனுக்கு நெருங்கியது. காளான்கள் செடிகொடிகளை விட விலங்குகளுக்கு நெருங்கியவை. திமிங்கிலத்துக்கு இன்று வாழும் விலங்குகளுள் மிக நெருங்கிய உறவு நீர்யானை ஆகும்.

பின்னணி

சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் கரோலஸ் லின்னேயஸ் 1735-ல் தமது சிஸ்டமா நாச்சுரே என்னும் நூலின் முதற்பதிப்பை வெளியிட்டார். விலங்குகளின் அறிவியற் பெயரிடலுக்கு 1758-ல் வெளிவந்த அதன் பத்தாம் பதிப்பே தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. இனங்கள் பேரினங்களுக்குள்ளும், பேரினங்கள் வரிசைகளுக்குள்ளும், வரிசைகள் வகுப்புகளுக்குள்ளும் அடங்கும் ஏற்பாடு இவருடையது. முதற்பதிப்பில் மீன்களோடு வைத்திருந்த திமிங்கிலங்களை இவர் பத்தாம் பதிப்பில் பாலூட்டிகளுக்கு மாற்றினார். அதே பதிப்பில் வௌவால், மனிதனும் குரங்கும் அடங்கிய வரிசையில் வைக்கப்பட்டது. காண்டாமிருகம் எலி, அணில் ஆகியவற்றோடு சேர்க்கப்பட்டது. இவை கவனக்குறைவால் நேர்ந்த பிழைகள் அல்ல. பற்களின் அமைப்பு, முலைக்காம்புகளின் இடம் போன்ற சில பண்புகளைத் தேர்ந்து அவற்றை ஒழுங்காகப் பின்பற்றியதன் விளைவுகள். எந்தப் பண்பு உறவைக் காட்டும், எது காட்டாது என்று அறிய அப்போது வழியில்லை. உறவு என்ற கருத்தே அவரது முறைமையில் இல்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

அக்கருத்தைத் தந்தவர் சார்லஸ் டார்வின். 1837-ல் தமது குறிப்பேடு ஒன்றில் அவர் கிளைவிடும் மரம் ஒன்றின் சிறு படத்தை வரைந்தார். (கேம்பிரிட்ச் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து இக்குறிப்பேடு காணாமற்போய், இருபது ஆண்டுகளுக்கும் மேலான பின்னர் 2022-ல் திரும்பக் கிடைத்தது.) 1859-ல் வெளிவந்த உயிரினங்களின் தோற்றம் நூலில் இருந்த ஒரே படமும் ஒரு கிளைப்படமே ஆகும். உயிரினங்கள் படிவளர்ச்சி (பரிணாமம், இலங்கை வழக்கில் கூர்ப்பு) மூலம் ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றின என்றால், வகைப்பாடு என்பது வசதிக்காக அடுக்கி வைப்பது மட்டுமன்று, ஒரு குடிவழியை மீட்டெடுப்பதாகும். ஏர்ணஸ்ட் ஹெக்கல் 1866-லிருந்து இத்தகைய மரங்களை மிக அழகாக வரைந்து வெளியிட்டார். ஆயினும் ஒருவர் வரைந்த மரம் சரியானதா, மற்றொருவர் வரைந்தது சரியானதா என்று தீர்மானிக்கும் விதி எதுவும் இல்லை. துறை வல்லுநரின் பட்டறிவே முடிவாக இருந்தது. இந்நிலை ஏறத்தாழ நூறாண்டுகள் நீடித்தது.

ஹென்னிக்கின் பங்களிப்பு

வில்லி ஹென்னிக் (1913 – 1976) ஈக்களை ஆராய்ந்தவர். இரண்டாம் உலகப்போரில் படைவீரராகப் பணியாற்றிய அவர், 1945-ல் இத்தாலியில் பிரித்தானியரிடம் போர்க்கைதியாக இருந்தபோது தமது நூலின் முதல் வரைவை எழுதத் தொடங்கினார். 1950-ல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த அந்நூல், 1966-ல் ஆங்கிலப் பதிப்பு வந்த பின்னரே உலகின் பிற பகுதிகளில் பரவலாகப் படிக்கப்பட்டது.

அவருடைய கருத்தின் மையம் எளியது. எல்லா ஒற்றுமைகளும் உறவுக்குச் சான்று ஆகா. இரு விலங்குகள் ஒத்திருப்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கக்கூடும். ஒன்று, மிகத் தொலைவான மூதாதையிடமிருந்து வந்த பழைய பண்பை இரண்டும் இழக்காமல் வைத்திருக்கலாம் (தொல்பண்பு). இரண்டு, அவற்றின் அண்மைய பொது மூதாதையிடம் புதிதாகத் தோன்றிய பண்பை இரண்டும் பெற்றிருக்கலாம் (பகிர்ந்த புதுப்பண்பு). மூன்று, ஒரே மாதிரியான வாழ்க்கையின் காரணமாக இரண்டிலும் தனித்தனியே அப்பண்பு தோன்றியிருக்கலாம். இம்மூன்றனுள் இரண்டாவது மட்டுமே நெருங்கிய உறவைக் காட்டும். பல்லிக்கும் முதலைக்கும் செதில் இருப்பது முதல் வகை. செதில் பழைய சொத்து. அதை வைத்துக்கொண்டிருப்பதால் இருவரும் உடன்பிறந்தோர் ஆகிவிடமாட்டார்கள்.

இதிலிருந்து ஹென்னிக் ஒரு கண்டிப்பான விதியை வகுத்தார். வகைப்பாட்டில் பெயர் பெறும் ஒவ்வொரு குழுவும் ஒரு மூதாதையையும் அதன் வழித்தோன்றல்கள் அனைத்தையும் கொண்டிருக்க வேண்டும். இத்தகைய முழுமையான குழுவே கிளை எனப்படும். பறவைகள் ஒரு கிளை; பாலூட்டிகள் ஒரு கிளை. பறவைகளை விலக்கிய ஊர்வன ஒரு கிளை அன்று. ஏனெனில் பறவைகளும் முதலைகளும் ஒரே மூதாதையின் வழிவந்தவை. ஒருவரைச் சேர்த்து மற்றவரை வெளியே நிறுத்துவது பாதிக் குடும்பத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்குவதற்கு ஒப்பாகும். எனவே, பறவைகளும் ஊர்வனவற்றுள் அடங்கும் என்று ஏற்க வேண்டும், அல்லது ஊர்வன என்னும் பெயரை அறிவியல் வகைப்பாட்டில் கைவிட வேண்டும். மீன்களுக்கும் இதே நிலைதான்.

இதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. புகழ்பெற்ற உயிரியலாளர் ஏர்ணஸ்ட் மாயர், கிளைவிட்ட வரிசையை மட்டும் பார்ப்பது போதாது என்றார். பிரிந்த பின்னர் ஒரு மரபு எவ்வளவு மாறியது என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்பது அவரது வாதம். பறவைகள் சிறகும் வெப்பக்குருதியும் பெற்று வெகுதூரம் சென்றுவிட்டன; அவற்றுக்குத் தனி வகுப்பு தருவதில் என்ன தவறு? வாதம் இயல்பானதே. ஆனால் "எவ்வளவு மாறினால் தனி வகுப்பு" என்பதற்கு ஒருவரும் அளவுகோல் தரவில்லை. 1963-ல் சோக்கல், சுனீத் இருவரும் முன்வைத்த எண்முறை வகைப்பாடு மற்றொரு போட்டி முறை. இது நூற்றுக்கணக்கான பண்புகளைக் கணினியிலிட்டு மொத்த ஒற்றுமையைக் கணக்கிட்டது. கணக்கு துல்லியமானதுதான், தொல்பண்பையும் புதுப்பண்பையும் அது ஒரே தட்டில் வைத்து நிறுத்தது என்பதே குறை.

செய்முறை

முதலில் ஆராயும் இனங்களுக்கு வெளியே நிற்கும் ஓர் உறவினம் தேர்ந்தெடுக்கப்படும். இது புறக்குழு எனப்படும். புறக்குழுவிலும் காணப்படும் பண்பு பெரும்பாலும் பழையது. உட்குழுவில் மட்டும் காணப்படுவது புதியது. பின்னர் ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு பண்பும் உண்டா இல்லையா என்று அட்டவணை இடப்படும்.

கெண்டை, தவளை, முதலை, காக்கை ஆகிய நான்கையும் எடுத்து, சுறாவைப் புறக்குழுவாகக் கொள்வோம். தாடை ஐந்துக்கும் உண்டு. ஆகவே அது எதையும் சொல்லாது. நான்கு கால்கள் (அல்லது அவற்றின் மாற்றுருவான சிறகு) தவளை, முதலை, காக்கை மூன்றையும் இணைக்கின்றன. கருவைச் சூழ்ந்து காக்கும் பனிக்குட உறை முதலையையும் காக்கையையும் இணைக்கிறது. மரம் தானாகவே அமைந்துவிடுகிறது.

இப்போது எலியையும் பல்லியையும் சேர்த்தால் சிக்கல் தொடங்குகிறது. எலி, முதலை, காக்கை மூன்றுக்கும் நான்கு அறைகள் கொண்ட இதயம் உண்டு. பல்லிக்கு மூன்று அறைகளே. இதயத்தை மட்டும் நம்பினால் எலி முதலையோடு சேரும், பல்லி வெளியே போகும். ஆனால் மண்டையோடு வேறு சொல்கிறது. பல்லி, முதலை, காக்கை ஆகியவற்றின் மூதாதைக்குக் கண்குழியின் பின்னால் இரண்டு திறப்புகள் இருந்தன. எலியின் மரபில் ஒன்றே. இன்னும் பல பண்புகள் மண்டையோட்டின் பக்கமே நிற்கின்றன. நான்கறை இதயம் இரண்டு முறை தனித்தனியே தோன்றியது என்று கொண்டால் மற்ற எல்லாப் பண்புகளும் ஒரே முறை தோன்றியதாக விளக்கலாம். இவ்வாறு, மிகக் குறைந்த எண்ணிக்கையிலான மாற்றங்களால் எல்லாத் தரவுகளையும் விளக்கும் மரத்தைத் தேர்வது சிக்கனக் கொள்கை எனப்படும்.

கேட்பதற்கு எளிதான இக்கொள்கை கணினியில் ஏற்றும்போது மலைப்பைத் தருகிறது. வேர் கொண்ட, இரண்டிரண்டாகக் கிளைவிடும் மரங்களை எண்ணினால், 3 இனங்களுக்கு 3 மரங்கள். 4 இனங்களுக்கு 15. 5 இனங்களுக்கு 105. 10 இனங்களுக்கு 3,44,59,425. 20 இனங்களுக்கு இவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 8.2 × 10²¹ ஆகும். நொடிக்கு 100 கோடி மரங்களைச் சோதிக்கும் கணினிக்கும் அவற்றை முடிக்க சுமார் 2,60,000 ஆண்டுகள் பிடிக்கும். நடைமுறை ஆய்வுகளில் இனங்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் எல்லா மரங்களையும் பார்ப்பது இயலாது. ஓரளவு நல்ல மரத்தில் தொடங்கி, கிளைகளை வெட்டி ஒட்டி, மேம்பட்டதைத் தேடிச் செல்லும் தோராய முறைகளே பயன்படுகின்றன. கிடைத்தது மிகச் சிறந்த மரம்தான் என்னும் உறுதிமொழியை இவை தருவதில்லை.

திமிங்கிலத்தின் உறவு

கிளைப்பாட்டியலின் வலிமையையும் அது தடுமாறிய விதத்தையும் ஒருசேரக் காட்டும் எடுத்துக்காட்டு திமிங்கிலம் ஆகும். அது பாலூட்டி என்பது 1758-லேயே முடிவாயிற்று. எந்தப் பாலூட்டிக்கு உறவு என்பது முடிவாக ஏறத்தாழ 250 ஆண்டுகள் பிடித்தன. கடல் வாழ்க்கை அதன் உடலை அவ்வளவு மாற்றிவிட்டது. பின்னங்கால் இல்லை, உடலில் முடி ஏறக்குறைய இல்லை, மூக்குத்துளை தலைமேல் சென்றுவிட்டது. ஒப்பிடுவதற்கு எஞ்சிய பண்புகள் குறைவு.

1950-ல் பாய்டன், கெமராய் இருவரும் குருதி நீர்மத்தின் புரதங்களை ஒப்பிட்டு, திமிங்கிலம் மாடு, பன்றி, ஒட்டகம் போன்ற இரட்டைப்படைக் குளம்பிகளுக்கு நெருங்கியது என்றனர். தொல்லுயிரியலாளர்கள் இதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. 1966-ல் லீ வான் வேலன், அற்றுப்போன மெசோனிக்கிட் என்னும் ஊனுண்ணி விலங்குகளின் முக்கோணப் பற்கள் தொல்திமிங்கிலங்களின் பற்களை ஒத்திருப்பதைச் சுட்டி, அவையே திமிங்கிலத்தின் மூதாதையர் என்றார். பல்லைப் பார்த்தவர்களுக்கு இது மறுக்கமுடியாத சான்றாகத் தோன்றியது. 1981-ல் பாக்கித்தானில் கண்டெடுக்கப்பட்டு விவரிக்கப்பட்ட, சுமார் 5 கோடி ஆண்டுகள் பழமையான பாக்கிசீட்டசு என்னும் தொல்திமிங்கிலத்தின் மண்டையோடும் இக்கருத்தோடு முரண்படவில்லை.

1990-களில் டி.என்.ஏ. வரிசைகள் வந்தன. அவை திமிங்கிலத்தை இரட்டைப்படைக் குளம்பிகளுக்கு அருகில் வைக்கவில்லை. அவற்றுக்கு உள்ளேயே வைத்தன, அதுவும் நீர்யானைக்குப் பக்கத்தில். அதாவது நீர்யானைக்குப் பன்றியை விடத் திமிங்கிலம் நெருங்கிய உறவு. தொல்லுயிரியலாளர்கள் பலர் இதை நம்ப மறுத்தனர். வரிசை ஒப்பீட்டில் எழுத்துகள் தற்செயலாக ஒத்துப்போகலாம் என்னும் அவர்களது ஐயமும் நியாயமானதே.

ஐயத்தைப் பெரிதும் தீர்த்தவை தாவும் மரபுத் துண்டுகள். இவை மரபணுத்தொகுதிக்குள் தம்மைத் தாமே படியெடுத்து ஏதோ ஓரிடத்தில் செருகிக்கொள்பவை. பல நூறு கோடி எழுத்துகள் கொண்ட மரபணுத்தொகுதியில், ஒரே துண்டு ஒரே இடத்தில் இரு மரபுகளில் தனித்தனியே செருகப்படுவது மிக அரிது. செருகியது துல்லியமாக நீங்குவதும் அரிது. ஆகவே ஒரே இடத்தில் ஒரே துண்டைக் கொண்டவை பொது மூதாதையிடமிருந்து அதைப் பெற்றவை என்று கொள்ளலாம். ஜப்பானில் நொரிஹிரோ ஒக்காடாவின் குழுவினர் 1997-லும் 1999-லும் வெளியிட்ட ஆய்வுகள், திமிங்கிலத்துக்கும் நீர்யானைக்கும் பொதுவாக உள்ள, பன்றியிலும் ஒட்டகத்திலும் இல்லாத துண்டுகளைக் காட்டின. ஹென்னிக் தேடிய பகிர்ந்த புதுப்பண்புக்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

எலும்பும் பின்னர் ஒத்துக்கொண்டது. இரட்டைப்படைக் குளம்பிகளுக்கே உரிய அடையாளம் கணுக்கால் எலும்புகளுள் ஒன்றின் இரு முனைகளிலும் கப்பி போன்ற அமைப்பு இருப்பதாகும். இன்றைய திமிங்கிலத்துக்குப் பின்னங்காலே இல்லாததால் இதைச் சோதிக்க இயலவில்லை. 2001 செப்டம்பரில், பாக்கித்தானில் கிடைத்த கால் கொண்ட தொல்திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்புகளைப் பிலிப் கிஞ்சரிச்சின் குழுவும், ஹான்ஸ் தெவிசனின் குழுவும் தனித்தனியே வெளியிட்டன. இரண்டிலும் இரட்டைக் கப்பி இருந்தது. மெசோனிக்கிட் கருத்தை நெடுங்காலம் ஆதரித்து வந்த கிஞ்சரிச்சே தாம் கண்டெடுத்த எலும்பைக் கண்டு அதனைக் கைவிட்டார்.

இக்கதையில் காசுமீருக்கும் ஓர் இடம் உண்டு. இந்தியப் புவியியலாளர் ஏ. ரங்கா ராவ், ரசௌரி மாவட்டத்தின் கலாக்கோட் பகுதியில் திரட்டிய தொல்லுயிர் எச்சங்களுள் சிலவற்றுக்கு 1971-ல் இந்தோஹையசு என்று பெயரிட்டார். அவர் திரட்டிய பாறைகளுள் பல உடைக்கப்படாமலே கிடந்தன. அவரது மறைவுக்குப் பின் அவை தெவிசனிடம் வந்து சேர்ந்தன. அவற்றைத் துப்புரவு செய்தபோது ஒரு மண்டையோட்டின் காதெலும்பில், திமிங்கிலங்களுக்கே உரியது எனக் கருதப்பட்ட தடித்த விளிம்பு காணப்பட்டது. சிறு மானை ஒத்த, சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட இவ்விலங்கின் கால் எலும்புகளும் தடித்தவை. ஆழமற்ற நீரில் நடக்க உதவும் எடை அது. 2007 டிசம்பரில் இம்முடிவுகள் வெளியாயின. பாறையை உடைக்க ஆள் இல்லாததால் பல்லாண்டுகள் காத்திருந்த சான்று இது.

தமிழ்ப் பெயர்கள் இங்கே வழிதவறச் செய்யும் என்பதைக் குறிப்பிட வேண்டும். நீர்யானை யானைக்கு உறவு அன்று; அது திமிங்கிலத்தின் உறவு. பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழும் கடற்பசு (ஆவுளியா) பசுவுக்கு உறவு அன்று, திமிங்கிலத்துக்கும் அன்று. உடல் வடிவிலும் வால் துடுப்பிலும் திமிங்கிலத்தை ஒத்திருந்தாலும், அதன் நெருங்கிய உறவு யானையே. ஒரே கடலில் நீந்தும் இரண்டும் தரையில் நடந்த வெவ்வேறு மூதாதையரிடமிருந்து வந்தவை.

வரம்புகளும் சிக்கல்களும்

மரபணுக்கள் எல்லாச் சிக்கல்களையும் தீர்த்துவிட்டன என்று எண்ணுவது தவறு. டி.என்.ஏ.யில் இருப்பவை நான்கே எழுத்துகள். நீண்ட காலம் தனித்து மாறிவந்த இரு மரபுகளில் தற்செயலாகவே பல எழுத்துகள் ஒத்துப்போகும். சிக்கனக் கொள்கை இவற்றைத் தவறாக இணைத்துவிடும் என்பதை ஜோசப் பெல்சென்சுடைன் 1978-ல் காட்டினார். மாற்றங்கள் நிகழும் விதத்துக்கு நிகழ்தகவு மாதிரி ஒன்றை அமைத்து மரத்தைத் தேடும் முறைகள் இதன்பின் வளர்ந்தன.

மேலும், மரபணுவின் மரமும் இனத்தின் மரமும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. மனிதனுக்கு மிக நெருங்கிய உறவு சிம்பன்சி என்பது ஐயமற்றது. ஆயினும் 2012-ல் கொரில்லாவின் மரபணுத்தொகுதி வெளியானபோது, அதன் ஏறத்தாழ 30 விழுக்காட்டுப் பகுதிகளில் மனிதனும் சிம்பன்சியும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருப்பதை விட, கொரில்லா அவ்விரண்டில் ஒன்றுக்கு நெருங்கியிருப்பது தெரியவந்தது. மூன்று மரபுகளும் குறுகிய காலத்துக்குள் பிரிந்ததன் விளைவு இது. ஒரே ஒரு மரபணுவைக் கொண்டு மரம் வரைவது ஏன் ஆபத்தானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பாக்டீரியாக்களிலோ மரபணுக்கள் ஓர் இனத்திலிருந்து தொடர்பற்ற மற்றோர் இனத்துக்குப் பக்கவாட்டிலும் தாவுகின்றன. அங்கு மரம் என்பதை விட வலை என்பதே பொருந்தும் என்போரும் உளர்.

பயன்பாடுகள்

2003-ல் பிஜுவும் பிராங்கி பொசுயிட்டும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து விவரித்த ஊதா நிறத் தவளைக்கு மிக நெருங்கிய உறவு இந்தியாவில் இல்லை; சீசெல்சுத் தீவுகளில் உள்ளது. இரு நிலங்களும் ஒன்றாக இருந்த காலத்தின் எச்சமாக இவ்வுறவு கருதப்படுகிறது.

வேகமாக மாறும் தீநுண்மங்களின் (வைரசுகளின்) உறவை அறியவும் இதே முறை பயன்படுகிறது. லிபியாவின் பெங்காசி நகர மருத்துவமனை ஒன்றில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. தொற்றியது 1998-ல் தெரியவந்தது. அங்கு பணியாற்றிய பல்கேரியச் செவிலியர் ஐவரும் பாலத்தீன மருத்துவர் ஒருவரும் வேண்டுமென்றே தொற்றைப் பரப்பியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2004-ல் மரண தண்டனை பெற்றனர். மறுவிசாரணை நடந்துகொண்டிருந்த 2006 டிசம்பரில், குழந்தைகளிடமிருந்து எடுக்கப்பட்ட தீநுண்மங்களின் கிளைப்படம் நேச்சர் இதழில் வெளியானது. அதன்படி அத்தொற்று மரபு, குற்றஞ்சாட்டப்பட்டோர் 1998 மார்ச்சில் பணிக்கு வருவதற்கு முன்னரே அங்குப் பரவத் தொடங்கிவிட்டது. நீதிமன்றம் சில நாட்களில் மீண்டும் மரண தண்டனையே விதித்தது. அரசுகளுக்கிடையே நடந்த பேச்சுவார்த்தைகளின் பின் அறுவரும் 2007 சூலையில் விடுதலையாயினர்.

பெயரிடல்

திமிங்கிலம் இரட்டைப்படைக் குளம்பிகளுக்குள் அடங்கும் என்று ஏற்றபின், தனி வரிசையாக இருந்த திமிங்கிலங்களை என்ன செய்வது என்னும் கேள்வி எழுந்தது. இரு பெயர்களையும் இணைத்து 1997-ல் சீட்டார்ட்டியோடாக்டிலா என்னும் புதுப்பெயர் முன்மொழியப்பட்டது. பழைய பெயரையே வைத்துத் திமிங்கிலத்தையும் அதனுள் சேர்த்தால் போதும் என்போர் மற்றொரு சாரார். இரு வழக்கங்களும் நூல்களில் காணப்படுகின்றன.

லின்னேயசின் வரிசை, வகுப்பு போன்ற படிநிலைகளையே விட்டுவிட்டுக் கிளைகளுக்கு மட்டும் பெயரிட வகைசெய்யும் பைலோகோட் என்னும் விதித்தொகுப்பு 2020-ல் நடைமுறைக்கு வந்தது. எனினும் விலங்கியலிலும் தாவரவியலிலும் பழைய பெயரிடல் விதிகளே பெரும்பாலும் பின்பற்றப்படுகின்றன. பள்ளிப் பாடநூல்களும் ஊர்வன, பறவைகள் என்று தனித்தனி வகுப்புகளாகவே கற்பிக்கின்றன.